கடலைக் காணாத கடற்கரைக் கோட்டை: ரிச்பரோ பற்றிய கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை என் சொற்களில் சுருக்கிக்கொள்கிறேன். மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது கென்ட் பகுதியில் உள்ள ரிச்பரோ என்ற ரோமானியக் கோட்டைக்கு உங்களை அழைத்துச் சென்றிருக்கிறார்கள். ‘சாக்சன் கடற்கரைக் கோட்டை’ என்று சொன்னார்கள். ஆனால் சுற்றிலும் வயலும் ஆடுகளும்தான், கடலைக் காணோம். மூன்று பக்கம் மதில் நிற்கிறது, நான்காவது பக்கம் வெட்டவெளி. ரோமானியர் கட்டியதற்கு, கடல் கடந்து வந்து தாக்கிய ஜெர்மானிய இனத்தாரான சாக்சன்களின் பெயர் ஏன், அந்த நான்காவது சுவரை இடித்தது யார், கடற்கொள்ளையரைத் தடுக்கக் கட்டினார்கள் என்பதை இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடலும் சுவரும் எங்கே போயின என்பதற்குத் தெளிவான விடை உண்டு. கடைசிக் கேள்விதான் உங்களை உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன்: இடிந்த மதில் ஒன்றைப் பார்த்து அதைக் கட்டியவனின் நோக்கத்தைச் சொல்ல முடியுமா? என் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

நான் தொல்லியல் படித்தவன். பிழைப்பு பழைய மதில்களின் சுண்ணாம்புச் சாந்தைச் சோதித்து, எதை எப்படிப் பழுதுபார்க்கலாம் என்று ஆலோசனை சொல்வது. ஆகவே கல், செங்கல், சாந்து பற்றி நான் சொல்வதை நம்பலாம். லத்தீன் ஆவணங்களைப் பற்றிச் சொல்வது அத்துறை அறிஞர்களின் வாசிப்பைப் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கடல். ரோமானியர் காலத்தில் கென்ட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் தானெட் உண்மையிலேயே ஒரு தீவு. அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவே வான்ட்சம் என்ற நீரிணை ஓடியது. அதன் தெற்கு வாயில் ரிச்பரோ, வடக்கு வாயில் ரிகல்வர் என்ற இன்னொரு கோட்டை. ‘கால்’ (Gaul) என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குப் போகும் கப்பல்கள் தானெட்டின் வெளிமுனையைச் சுற்றிக்கொண்டு திறந்த கடலில் அல்லாடாமல் இந்த உள்வழியாகப் போகலாம். ரிச்பரோ நின்ற மேடு அன்று ஏறக்குறைய நீர் சூழ்ந்த திட்டு. 731இல் தம் வரலாற்றை முடித்த பீட் என்ற துறவி, அந்த நீரிணை மூன்று ஃபர்லாங் அகலம், அதாவது சுமார் 600 மீட்டர், என்றும் இரண்டு இடங்களில்தான் கடக்க முடியும் என்றும் எழுதியிருக்கிறார். அதன் பிறகு கூழாங்கல் திட்டுகள் தெற்கு வாயை அடைத்தன, ஆறு கொண்டுவந்த வண்டல் உள்ளே படிந்தது, மடங்களின் துறவிகள் கரை போட்டுச் சதுப்பை மேய்ச்சல் நிலமாக்கினார்கள். இடைக்காலம் முடிவதற்குள் கப்பல் வழி செத்துப்போனது. இன்று ரிச்பரோ மேட்டின் அடியில் ஓடும் ஸ்டூர் ஆறுதான் மிச்சம். கடல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய்விட்டது. நீங்கள் ஆடுகளைப் பார்த்த வயல்தான் பழைய கடல்.

இதே நீரிணையின் மறுமுனையில் நேர் எதிராக நடந்தது. ரிகல்வர் கோட்டையைக் கட்டியபோது கடல் அதற்கு வடக்கே வெகுதூரத்தில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஜான் லேலண்ட் என்ற பழம்பொருள் ஆய்வாளர், கடல் கால் மைலுக்குச் சற்றே அதிகமான தொலைவில் இருப்பதாகக் குறித்தார். அடியில் இருப்பது இறுகாத மணற்படிவம். ஒவ்வொரு குளிர்காலப் புயலும் ஒரு கீற்று அறுத்துக்கொண்டு போனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலை கோட்டையின் வடக்கு மதிலுக்கே வந்துவிட்டது. இன்று கோட்டையில் ஏறக்குறைய பாதி கடலுக்குள். கோட்டைக்குள் 669இல் நிறுவப்பட்ட ஒரு பழைய தேவாலயம் இருந்தது. கடலுக்குப் பயந்து ஊர் மக்களே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்து, கல்லைக் கடலிலிருந்து உள்ளே தள்ளிப் புதிய இடத்தில் கட்டுவதற்கு எடுத்துப் போனார்கள். அதன் இரட்டைக் கோபுரங்கள் மட்டும் தப்பியதற்குக் காரணம் பக்தியல்ல. மாலுமிகள் அவற்றைப் பார்த்து வழி கண்டுபிடித்ததால், கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு அவற்றை வாங்கி, அடியில் கல் அணைப்புப் போட்டது. அந்த அணைப்பு இல்லாவிட்டால் கோட்டையின் மீதிப் பாதியும் போயிருக்கும்.

இனி உங்கள் நான்காவது சுவர். அதை யாரும் இடிக்கவில்லை, தானாக விழுந்தது. ரிச்பரோவின் கிழக்குப் பக்கம் நீரை ஒட்டிய சரிவு. நீர் அடிவாரத்தை அரித்தது, மேலே இருந்த மதில் சரிந்து உருண்டது. 2008இல் அந்தச் சரிவின் அடியில் தோண்டியபோது விழுந்த மதிலின் பெரும் பாளங்களும் ரோமானியர் காலத்துக் கரைமணலும் கிடைத்தன. இது ஊகமில்லை, கண்ணால் பார்த்த சான்று. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விழுந்த மதில் துண்டு துண்டாகச் சிதறாமல் பாளமாகக் கிடப்பதே சாந்தின் தரத்தைச் சொல்கிறது. கல்லும் சாந்தும் ஒரே பாறையாக இறுகியிருந்தால்தான் அப்படி விழும். கென்ட்டின் தெற்கே லிம்ப்னி கோட்டையில் மலைச்சரிவின் களிமண் வழுக்கியதால் மதில்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, புரண்டு, ஒரு பல்வரிசை கலைந்ததுபோலக் கிடக்கின்றன. அங்கும் ஒவ்வொரு துண்டும் உள்ளே உடையாமல்தான் இருக்கிறது.

நிற்கும் மதிலைக் கிட்டப் போய்ப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், சாம்பல் நிறக் கல்வரிசைகளுக்கு இடையே சிவப்புப் பட்டைகள் ஓடுவது தெரிந்திருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். அவை தட்டைச் செங்கற்கள், இரட்டை வரிசையாகப் படுக்கவைத்தவை. மதிலின் இரு முகத்திலும் சதுரித்த சிறு கற்களை அடுக்கி, நடுவே சல்லியும் சாந்தும் கொட்டி நிரப்புவது ரோமானியக் கொத்தர்களின் முறை. நடுப்பகுதி இறுகுவதற்குள் முகக்கற்கள் வெளியே பிதுங்கும். அதைத் தடுக்க இவ்வளவு உயரத்துக்கு ஒருமுறை தட்டைச் செங்கல்லைப் பரப்பி, முகத்தையும் நடுப்பகுதியையும் பிணைத்து, மட்டமும் பார்த்துக்கொள்கிறார்கள். அதன் மேல் அடுத்த கட்டு தொடங்கும். கீழ்ப்பகுதியில் முகக்கற்கள் இல்லாமல் சதைபோல உள்நிரப்பு மட்டும் தெரியும் இடங்கள் உண்டு. கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த நல்ல கற்களைப் பின்னால் வந்தவர்கள் வீடும் தேவாலயமும் கட்ட உருவிக்கொண்டார்கள். ரிச்பரோவில் மதில் சுமார் 8 மீட்டர் உயரம்வரை நிற்கும் இடமும் உண்டு, தடிமன் 3 மீட்டருக்கு மேல். அதன் நிரப்பில் அங்கங்கே வெள்ளைச் சலவைக்கல் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்பதில்தான் இந்த இடத்தின் உண்மையான வரலாறு இருக்கிறது.

நீங்கள் பார்த்தது ஒரு கோட்டை அல்ல, ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து இடங்கள். மதிலுக்குள்ளே இரண்டு நீள அகழிகள் கோட்டைக்குச் சம்பந்தமே இல்லாத கோணத்தில் ஓடுகின்றன. அவை கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனுக்கு வந்த காலத்தவை. தரையிறங்கியவர்கள் முதுகுக்குக் கடலை வைத்துக்கொண்டு முன்னால் அகழி வெட்டியிருக்கிறார்கள். பிறகு அந்த அகழிகளை மூடிச் சேமிப்புக் கிடங்குகள் எழுந்தன. முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில் மேட்டின் நடுவே நான்கு பக்கமும் வாயில் கொண்ட ஒரு மாபெரும் வளைவு கட்டினார்கள். இத்தாலியின் கர்ராராவிலிருந்து கொண்டுவந்த சலவைக்கல் போர்த்தி, ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து வருபவனுக்கு இதுதான் பிரிட்டனின் தலைவாசல் என்று காட்டுவதற்காக. இன்று அதன் மேல் ஒன்றும் இல்லை. சிலுவை வடிவ மேடை ஒன்றும், அடியில் சுமார் 9 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் சாந்துக் கல் அடித்தளமும் மட்டுமே உண்டு. 19ஆம் நூற்றாண்டில், இவ்வளவு பெரிய அடித்தளத்துக்குள் ஏதாவது ரகசிய அறை இருக்கும் என்று நம்பிச் சிலர் பக்கவாட்டில் சுரங்கம் குடைந்தார்கள். கிடைத்தது மேலும் சாந்தும் கல்லும்தான். 3ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த வளைவைச் சுற்றி மூன்று அகழிகள் வெட்டி அதைக் காவல் கோபுரம்போலப் பயன்படுத்தினார்கள். அதே நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் அதையும் இடித்துத் தரைமட்டமாக்கி, நீங்கள் பார்த்த கல்மதிலை எழுப்பினார்கள். வெற்றிச் சின்னத்தின் சலவைக்கல் பாதுகாப்பு மதிலின் நிரப்பில் சல்லியாகப் போனது. இதைவிடப் பச்சையாக ஒரு பேரரசின் நிலைமை மாறியதைக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதில் எது உறுதி, எது ஊகம்? அகழிகளின் காலம் உறுதி. முழுப் படையும் இங்கேதான் இறங்கியதா என்பது உறுதியில்லை. படையெடுப்பை எழுதிய காசியஸ் தியோ இறங்கிய இடத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. மேற்கே சிச்செஸ்டர் பக்கம் இறங்கினார்கள் என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. என் கணிப்பு ரிச்பரோ பக்கம்தான் சாய்கிறது, ஆனால் அது சாய்வுதான். அதேபோல வளைவு இருந்தது உறுதி, சலவைக்கல் கர்ராராவுடையது என்பது உறுதி. பிரிட்டன் வெற்றி முழுமையடைந்ததைக் கொண்டாடப் பேரரசர் டொமிஷியன் கட்டினார் என்பது கால ஒற்றுமையை வைத்துச் சொல்வது. யார், எதற்குக் கட்டினார் என்று முழுதாகச் சொல்லும் கல்வெட்டு கையில் இல்லை.

இனி அந்தப் பெயர். ‘சாக்சன் கடற்கரை’ என்ற சொற்றொடர் ஒரே ஒரு ஆவணத்திலிருந்து வருகிறது. ‘நோட்டீஷியா டிக்னிடாட்டும்’ என்பது ரோமப் பேரரசின் பதவிகளையும் அவற்றின் கீழிருந்த படைகளையும் பட்டியலிடும் ஒரு பதிவேடு, கி.பி. 400ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது. அதில் ‘பிரிட்டனில் சாக்சன் கடற்கரையின் தளபதி’ என்ற பதவியின் கீழ் ஒன்பது கோட்டைகள் இருக்கின்றன. ரிச்பரோ, ரிகல்வர், டோவர், லிம்ப்னி, பெவன்சி எல்லாம் அந்த ஒன்பதில் உண்டு. ரிச்பரோவுக்கு நேரே இரண்டாம் அகஸ்டா படையணி என்று எழுதியிருக்கிறது. நம்மிடம் மூலம் இல்லை. ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் இருந்த ஒரு பிரதியும் தொலைந்துவிட்டது, அதைப் பார்த்து 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எடுத்த பிரதிகளே உள்ளன. அதில் ஒன்பது கோட்டைகளும் ஒரு தீவின் மேல் வைத்த பொம்மைக் கோட்டைகள்போல வரையப்பட்டிருக்கும். பார்க்க அழகு. ஆனால் அந்தப் படத்தை வைத்து நிஜக் கோட்டையின் வடிவத்தைச் சொல்ல முடியாது.

அந்தப் பெயருக்குப் பொருள் சாக்சன்கள் தாக்கிய கடற்கரையா, சாக்சன்கள் குடியேறிய கடற்கரையா? நெடுங்காலச் சண்டை இது. பெரும்பாலானோர் முதல் பொருளை ஏற்கிறார்கள், நானும் அப்படியே. அதே பதிவேடு கடலுக்கு அக்கரையில் ‘கால்’ (Gaul) பகுதிக் கரையிலும் ஓரிரு இடங்களைச் சாக்சன் கடற்கரையில் இருப்பதாகச் சொல்வதால், இருகரையிலும் ஒரே ஆபத்து என்ற வாசிப்பு பொருந்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 367இல் நடந்த பெரும் தாக்குதலில் கொல்லப்பட்ட நெக்டாரிடஸ் என்ற தளபதியைப் பற்றி எழுதும் அம்மியானுஸ் மார்செலினஸ், அவரைக் ‘கடலோரப் பகுதியின் தளபதி’ என்கிறார். சாக்சன் என்ற சொல்லே இல்லை. ஆகவே அந்தப் பெயர் கோட்டைகள் கட்டிய காலத்ததா, நூறாண்டு கழித்து ஒட்டியதா என்பது திறந்த கேள்வி. கட்டிய தலைமுறை தங்கள் கோட்டையைச் சாக்சன் கடற்கரைக் கோட்டை என்று அழைத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

அதோடு அந்த ஒன்பதும் ஒரே திட்டத்தில் பிறந்தவை அல்ல. இங்கேதான் பட்டியலைவிடக் கட்டடம் அதிகம் பேசுகிறது. ரிகல்வர் 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியது: மூலைகள் வளைந்த செவ்வகம், மதிலின் உட்புறம் மண் அணைப்பு, வெளியே துருத்தும் கொத்தளம் ஒன்றுகூட இல்லை. பழைய பாணி. அங்கே பெய்டேசிய முதல் படைப்பிரிவின் முத்திரையிட்ட ஓடுகள் கிடைத்திருக்கின்றன. 1960இல் தலைமையகத்தின் நிலவறையில் உடைந்த கல்வெட்டு ஒன்றும் கிடைத்தது. ரூஃபினஸ் என்ற ஆளுநரின் கீழ் ஃபார்ச்சுனாட்டஸ் என்பவர் படைக் கொடிகள் வைக்கும் சன்னதியையும் அதையொட்டிய மண்டபத்தையும் கட்டினார் என்று அது சொல்கிறது. யார் கட்டினார் என்று கோட்டையே வாய்திறந்து சொல்லும் அபூர்வம் அது. எதிரி யார் என்று அதுவும் சொல்லவில்லை. ரிச்பரோவும் பெவன்சியும் இரண்டு மூன்று தலைமுறை பிந்தியவை: தடித்த மதில், மண் அணைப்பு இல்லை, மதிலை ஒட்டி வருபவனைப் பக்கவாட்டிலிருந்து தாக்குவதற்கு வசதியாகத் துருத்தும் கொத்தளங்கள். இந்த இரண்டு பாணிக்கும் நடுவே நிற்பது நார்ஃபக்கில் உள்ள பர்க் காசில். அங்கே கொத்தளங்களின் கீழ்ப்பகுதி மதிலோடு பிணையாமல் வெறுமனே ஒட்டி நிற்கிறது. ஓர் ஆள் உயரத்துக்கு மேலே போனதும் கொத்தளமும் மதிலும் ஒரே கட்டாகப் பிணைகின்றன. மதில் பாதி எழுந்தபோது யாரோ மேலிடத்திலிருந்து வந்து கொத்தளம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஒப்பந்தக்காரர்களோடு வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

காலத்தைப் பற்றி மிக உறுதியாகப் பேச முடிவது பெவன்சியில். அங்கே மதிலின் அடியில் மென்மையான மண்ணில் ஓக் மரக் கழிகளை அடித்து, அதன் மேல் அடித்தளம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கழிகளின் ஆண்டு வளையங்களின் அமைப்பு அவை 280க்கும் 300க்கும் இடையே வெட்டப்பட்டதைச் சொல்கிறது. அதே அடித்தளத்தில் கராஸியஸ், அலெக்டஸ் ஆகியோரின் காசுகள் கிடைத்தன. ஆகவே 293ஐ ஒட்டிய கட்டுமானம். இந்தக் கராஸியஸ் சுவாரசியமான ஆள். ஃபிராங்குகளும் சாக்சன்களும் கடலில் கொள்ளையடிப்பதை ஒடுக்க ரோம் நியமித்த கப்பற்படைத் தளபதி. மீட்ட பொருளைத் தானே வைத்துக்கொள்கிறார் என்று குற்றம் சாட்டி, அவரைக் கொல்ல உத்தரவு வந்தது. 286இல் பிரிட்டனைப் பிடித்துக்கொண்டு தன்னையே பேரரசர் என்று அறிவித்தார். 293இல் அவருடைய அதிகாரி அலெக்டஸ் அவரைக் கொன்றார், 296இல் ரோமின் படை வந்து அலெக்டஸை முடித்தது. அப்படியானால் பெவன்சி கொள்ளையருக்கு எதிரான கோட்டையா, ரோமுக்கே எதிரான கோட்டையா? காசு காலத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை.

பெவன்சியில் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ல்ஸ் டாசன் என்பவர், ஹொனோரியஸ் பேரரசரின் முத்திரை பதித்த ஓடுகள் அங்கே கிடைத்ததாகக் கொண்டுவந்து காட்டினார். கோட்டையை 400ஐ ஒட்டிப் பழுதுபார்த்தார்கள் என்பதற்கு அரிய சான்று என்று பாடநூல்களிலேயே அது ஏறியது. 1970களில், மண்பொருள் எப்போது சுடப்பட்டது என்று காட்டும் வெப்ப ஒளிர்வு முறையில் சோதித்தபோது அந்த ஓடுகள் டாசன் காலத்தில் சுட்டவை என்று தெரிந்தது. பில்ட்டவுன் மனிதன் என்ற போலி மண்டையோட்டைக் கண்டெடுத்ததாகச் சொன்னவரும் இதே டாசன்தான். அறுபது ஆண்டுக்கு மேல் அறிஞர்கள் நம்பிய சான்று அது. பழைய புத்தகங்களில் ஹொனோரியஸ் ஓடு என்று பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

எதற்குக் கட்டினார்கள் என்பதில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. முதலாவது உங்களுக்குச் சொன்னது: கடற்கொள்ளையருக்கு எதிரான காவல் சங்கிலி. இரண்டாவது, கராஸியஸ் ரோமின் படையெடுப்பைத் தடுக்கக் கட்டியது. மூன்றாவது, இவை முதலில் அரசின் பாதுகாக்கப்பட்ட துறைமுகங்கள், தானியமும் தோலும் உலோகமும் வரியாகச் சேர்ந்து, மதிலுக்குள் பத்திரமாக இருந்து, ரைன் எல்லைப் படைகளுக்குக் கப்பலேறின. இரண்டாவது வாதம் முழு வரிசைக்கும் பொருந்தாது. ரிகல்வர் கராஸியஸுக்கு எழுபது எண்பது ஆண்டு முந்தியது, ரிச்பரோவும் அவருக்குச் சற்று முன்பே தொடங்கியிருக்கக்கூடும். முதல் வாதத்தின் சிக்கல் வேறு. ஒரு கோட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே பல மைல் திறந்த கடற்கரை. சிறு படகில் வரும் கொள்ளையன் கோட்டை வாசலுக்கு வந்து முட்டவேண்டிய அவசியமே இல்லை, ஏதாவது ஒரு காயலில் இறங்கிப் பண்ணையைச் சூறையாடிவிட்டுப் போகலாம். கப்பற்படையோடு சேர்ந்தால்தான் இந்தச் சங்கிலி வேலை செய்யும். ஆனால் கோட்டைகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: எல்லாமே ஆற்று முகத்துவாரங்களிலும் நல்ல துறைகளிலும். காவலுக்கும் அது பொருந்தும், சரக்குக்கும் அது பொருந்தும். என்னைக் கேட்டால், துறைமுகத்தையும் அதில் இருந்த அரசுப் பொருளையும் காப்பதே முதல் வேலை, கொள்ளையரை விரட்டுவது அதிலிருந்து கிளைத்த வேலை என்பேன். 3 மீட்டர் தடிமன் மதில் படகுக் கொள்ளையனுக்குத் தேவைக்கு மிஞ்சியது. பெவன்சி மதிலுக்கு மட்டும் சுமார் 1,60,000 ஆள்நாள் உழைப்பு வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு செலவழிப்பவன் உள்ளே விலைமதிப்புள்ள எதையோ வைத்திருந்தான், அல்லது தன் பலத்தை யாருக்கோ காட்ட நினைத்தான். இது என் அபிப்பிராயம். எதிர்த்து வாதிட நல்ல காரணங்கள் இருக்கின்றன.

உள்ளே யார் வாழ்ந்தார்கள் என்பதும் காவல் வீரர்கள் நிறைந்த பாசறை என்ற சித்திரத்தைக் குழப்புகிறது. 1960களில், இங்கிலாந்தின் தென்கரையில் இதே வகைக் கோட்டையான போர்ச்செஸ்டரில் பாரி கன்லிஃப் நடத்திய அகழாய்வில் பெண்களின் அணிகலன்களும் பச்சைக் குழந்தைகளைப் புதைத்த குழிகளும் கிடைத்தன. குடும்பங்கள் இருந்திருக்கின்றன. ரிச்பரோவில் ஒரு முழுப் படையணி இருந்திருக்கவே முடியாது. இரண்டாம் அகஸ்டா படையணியின் பழைய தளமான வேல்ஸின் கேர்லியன் சுமார் 20 ஹெக்டேர், ரிச்பரோ மதிலுக்குள் இருப்பது 2 ஹெக்டேர் அளவுதான். பதிவேட்டில் படையணி என்று இருந்தது அந்தப் பெயரைச் சுமந்த ஒரு சிறு பிரிவாகத்தான் இருக்கும்.

ரிச்பரோவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலானவை 1922இலிருந்து 1938வரை புஷ்-ஃபாக்ஸ் நடத்திய அகழாய்வில். அவற்றில் மிகப் பெரும் பகுதி 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த நகத்தளவு செப்புக் காசுகள். 402க்குப் பிறகு புதுக் காசு வருவது நிற்கிறது. இதைப் பார்த்து 402க்குப் பிறகு கோட்டையைக் கைவிட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழையான முடிவு. பிரிட்டன் முழுதுக்கும் அப்போதே காசு வரத்து நின்றது. சம்பளம் நின்றதை அது காட்டும், மனிதர்கள் கிளம்பியதைக் காட்டாது. கோட்டையின் வடமேற்கு மூலையில் கிடைத்த அறுகோண ஞானஸ்நானத் தொட்டி, ரோமானியர் காலத்தின் கடைசியில் அங்கே ஒரு கிறிஸ்தவச் சமூகம் இருந்ததைக் காட்டுகிறது. நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி: ஏறக்குறைய இதே காலத்து, இதே வகைச் சிறு ரோமானியச் செப்புக் காசுகள் கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் இலங்கையிலும் கிடைத்திருக்கின்றன. அங்கே ரோமப் படை இருந்ததில்லை, வணிகம்தான். காசு கிடைத்த இடத்தில் சிப்பாயைத் தேடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

அடுத்த முறை போனால் எங்கே போகலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மதில் முழுதாக நிற்பதைப் பார்க்கவேண்டுமானால் போர்ச்செஸ்டர். நான்கு பக்கமும் ரோமானிய மதில், இன்றும் ஒரு பக்கம் கடல்நீர் வந்து தொடும் இடம். டோவர் போனால் கோட்டை மலையின் மேல் நிற்கும் ரோமானியக் கலங்கரை விளக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதன் மேற்பகுதி பிற்காலக் கட்டு, கீழ்ப்பகுதியின் சிவப்புச் செங்கல் பட்டைகளை நீங்கள் இப்போது அடையாளம் கண்டுகொள்வீர்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நான் பெவன்சியைச் சொல்வேன். மதில் நேர்செவ்வகமாக இல்லாமல் மேட்டின் வடிவத்தைப் பின்பற்றி முட்டை வடிவில் வளைகிறது. வெளிமுகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரு கொத்தர் குழுவின் பங்கு முடிந்து அடுத்த குழுவின் பங்கு தொடங்கும் செங்குத்துக் கோடுகள் தெரியும். செங்கல் பட்டையின் மட்டம் அந்தக் கோட்டில் தப்பும். 1940இல் ஜெர்மானியப் படையெடுப்புக்கு அஞ்சி ரோமானிய இடிபாடுகளுக்குள்ளேயே இயந்திரத் துப்பாக்கி மேடைகளைக் கட்டி, வெளியே பழைய கல்லைப் போர்த்தி மறைத்தார்கள். எது ரோமானியக் கல், எது 1940 கல் என்று முதல் பார்வையில் கண்டுபிடிப்பது கடினம். சாந்தைப் பாருங்கள், சிமென்ட் தனியாகத் தெரியும். ரோமானிய வெளிமதிலுக்குள் போகக் கட்டணம் கிடையாது, உள்ளே இருக்கும் பிற்கால நார்மன் கோட்டைக்கு மட்டும் டிக்கெட் வாங்கவேண்டும்.